சிவப்புப் புள்ளி வைத்த கேன்

அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு எங்கள் பால் சென்டருக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். பாலைச் சோதித்து எழுதி வாங்கும் டெஸ்டரான நான். பால் கம்பெனியின் ரூட் சூப்பர்வைசர். பால் வண்டி ஓட்டும் முருகேசன். தினமும் நாற்பது லிட்டர் ஊற்றும் சென்னப்பன். எந்தக் காலத்திலும் வரிசையில் முதல் ஆளாக நிற்கும் கோவிந்தம்மா. அப்புறம் மாதம்மா. ஏழாவதாக ஒரு குரல் மட்டும் சூப்பர்வைசரின் போனில் இருந்தது. அது, ஊர் ஊராக வரும் பாலைக் குளிரவைக்கும் சில்லிங் சென்டரில் பாலைப் பரிசோதிக்கும் பெண்ணின் குரல். வாசலுக்கு வெளியே நின்றவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.

ஆளை எண்ணிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று மாதம்மா மேல் பழி போட்டது யார் என்று பிற்பாடு ஊரில் யாரைக் கேட்டாலும் "எல்லாரும்தாங்க சொன்னாங்க" என்றார்கள். எல்லாரும் என்பது ஆறு பேர். அதிலும் வாயைத் திறந்து சொன்னவர்கள் இரண்டு பேர். கையால் எழுதி வைத்தவன் ஒருத்தன். அந்த ஒருத்தன் நான்.

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் பயிற்சி நாளில் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டுங்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எப்படிச் சோதிப்பது, எப்படி அளப்பது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதை உங்கள் மெஷின் சொல்லும். மெஷின் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடுதாசி.

முதலில் என்னைப் பற்றி. நான் பயந்தாங்கொள்ளி. சென்டரைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இழுத்துப் பார்த்தேனா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவையும் வருவேன். பால் புளித்துவிடுமோ, கணக்கு உதைக்குமோ, யாராவது மேலே எழுதிப் போட்டுவிடுவார்களோ என்று இருபத்தாறு வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தேன். பயம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். என் கேன்கள் பளபளவென்று இருந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் பயந்தவன் கையில் பேனா இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

காரிமங்கலத்திலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் எங்கள் ஊர். பெரும்பாலும் மானாவாரி நிலம். மழை ஏமாற்றினால் மாடுதான் சோறு போடும். ஊருக்கு ஒரே பால் சென்டர், எங்களுடையது. மாதம்மா வீடு சென்டருக்கு நேர் எதிரே. ரோட்டைத் தாண்டினால் அவள் மாட்டுக் கொட்டகை. அவள் புருஷன் கள்ளச்சாராய வழக்கில் உள்ளே போய் வந்தவன். வந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். மாதம்மா ஒரு மாட்டை வாங்கினாள். சென்டரில் பால் ஊற்றுகிறவர்களுக்குத் தரும் பால் கார்டை வைத்து, கம்பெனி மூலம் கடனில் இரண்டாவது மாட்டையும் வாங்கினாள். மகள் செல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அம்மா, மகள் இரண்டு வயிற்றுக்கும் அந்த இரண்டு மாடுதான்.

அவள் பால் ஊற்ற ஆரம்பித்த முதல் வாரம். எங்கள் சென்டரில் அப்போது மெஷின் கிடையாது, கண்ணாடியில் செய்த லாக்டோமீட்டர்தான். பாலில் மிதக்கவிட்டு டிகிரி பார்ப்போம். இருபத்தாறுக்கு மேல் நின்றால் நல்ல பால். தண்ணீர் சேர்ந்திருந்தால் அமிழ்ந்து கீழே காட்டும். மாதம்மாவின் பால் இருபத்தைந்து காட்டியது. மறுநாள் இருபத்தைந்தரை. அதற்கு மறுநாளும் இருபத்தைந்து.

நான் அவளைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வருமே. ரிஜிஸ்டரில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன். எனக்கு மட்டும் அடையாளத்துக்கு என்று நினைத்துத்தான் வைத்தேன். அவள் பாலை ஐந்தாவது கேனில் தனியாக ஊற்றினேன். அந்தக் கேன் மூடியிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி. சில்லிங் சென்டரில் எப்படியும் எல்லாக் கேனையும் ஒன்றாகக் கொட்டித்தான் ஒரே சாம்பிள் எடுப்பார்கள். அப்புறம் எதற்குத் தனிக் கேன் என்றால், என் பயத்துக்கு. அவ்வளவுதான். தரம் குறைந்த பாலுக்கு லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. குறைத்தேன்.

ரிஜிஸ்டர் மேஜை மேல் திறந்தே கிடக்கும். கையெழுத்துப் போட வருகிறவர்கள் மேலேயும் கீழேயும் பார்ப்பார்கள். ஒரு மாதத்தில் அந்தப் புள்ளி என்னை விட்டுக் கிளம்பி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. "இன்னா டெஸ்டரே, எதிர் வூட்டுப் பாலு கேன்ல தனியா குடித்தனம் பண்ணுதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரிசையில் மாதம்மாவுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக விழுந்தது. பிறகு அவளே கடைசியில் வந்து நிற்கப் பழகிக்கொண்டாள். கறந்த கையோடு நுரை தளும்ப, குண்டானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாத்திரம் அப்படி ஒரு சுத்தம். முறை வந்ததும் ஒரே கேள்விதான். "எத்தனைங்க அண்ணா?"

"இருபத்தஞ்சு."

"ம்." அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள்.

ஒரே ஒரு நாள் நின்று பேசினாள். "அண்ணா, ஒரு நாளு கறக்கறப்ப நம்ம வூட்டுக்கு வந்து நில்லுங்க. எம் பக்கத்துல நின்னு பாருங்க. பாலு மடியிலருந்து வர்றப்பவே டிகிரி புடிச்சுப் பாருங்க. அப்புறம் எத்தனை புள்ளி வேணும்னாலும் வெச்சுக்கோங்க."

இருபது அடி தூரம். நான் போகவில்லை. அவள் வீட்டில் நான் நிற்பதை யாராவது பார்த்தால் என்ன பேசுவார்கள் என்று பயம். அவள் மேல் ஒட்டியிருப்பது என் மேலும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். "பார்க்கலாம்மா" என்றேன். தம்பிகளே, நம் தொழிலில் "பார்க்கலாம்" என்று சொன்னவன் பார்க்கவே மாட்டான்.

செல்வி பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டிலிருந்து "தண்ணிப்பாலு ஏறிடுச்சு, ரைட் போலாம்" என்று குரல் வரும் என முருகேசன் ஒரு நாள் சொன்னான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பேனாவை எடுத்தேன், புள்ளி வைத்தேன். இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் கடும் வெயில். சாயங்கால வண்டி ரிப்பேராகி நேரம் கழித்து வந்ததில் எங்கள் பால் புளித்துத் திரும்பியது. ஊரே என்னைத் திட்டியது. இனி அப்படி ஆகக் கூடாது என்று நான் சந்தைக்குப் போய் சோடாக் கடையில் பேசி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வாங்கி வந்து சென்டரில் வைத்துக்கொண்டேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, நானாகச் செய்தது.

அன்று காலை ஏழே காலுக்கு முருகேசனிடமிருந்து போன். "அண்ணா, டயர் பஞ்சர். ஒரு மணி நேரம் ஆவும்." ஐஸை உடைத்துக் கெட்டியான பாலிதீன் கவரில் போட்டு, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி, கேனுக்கு ஒன்றாக நாலு கேனிலும் இறக்கினேன். ஐந்தாவது கேனில் இறக்கவில்லை. அதில் பன்னிரண்டு லிட்டர்தான் இருந்தது. 'எப்படியும் கொறஞ்ச பால்தானே, இதுக்கு எதுக்கு ஐஸ்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வண்டி வரும் சத்தம் கேட்டுச் சணலை இழுத்தேன். நாலு கவரும் துணி மாதிரி தொங்கிக்கொண்டு வந்தன. உடைத்த ஐஸின் முனை குத்தி எல்லாவற்றிலும் கிழிசல். ஐஸ் முழுக்கத் தண்ணீராகிப் பாலுக்குள் போய்விட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் செய்தது என்ன தெரியுமா? கவர்களைச் சுருட்டித் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் சொருகினேன். நூற்றறுபது லிட்டரில் இது எங்கே தெரியப் போகிறது என்று மூடியைப் போட்டு அழுத்தி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

தெரிந்துவிட்டது. இரண்டு நாள் முன்னால் புளித்த பால் போயிருந்ததால் சில்லிங் சென்டரில் அன்று எங்கள் பாலை ஒன்றாகக் கொட்டவில்லை. கேன் கேனாகச் சாம்பிள் எடுத்தார்கள். பத்தரைக்கு வண்டி திரும்பி வந்தது, கேன்களோடும் சூப்பர்வைசரோடும்.

"யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க," என்றார் சூப்பர்வைசர். முப்பது வயசு இருக்கும். நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கு மேலே ஒருத்தர் வழியெல்லாம் போனில் கத்தியிருந்தார். "இன்னைக்குப் பாலுக்கு யாருக்கும் காசு கெடையாது. யாருன்னு தெரிஞ்சா அந்தக் கார்டை நான் இப்பவே கேன்சல் பண்ணிட்டுப் போறேன். இல்லன்னா சென்டரையே மூடச் சொல்றாங்க."

"யாருன்னு கேக்க இன்னாங்க இருக்குது சார்?" என்றாள் கோவிந்தம்மா. "டெஸ்டரு செவப்பு மையில எழுதியே வெச்சிருக்காரே. அந்த ரிஜிஸ்டரைப் பொரட்டுங்க."

யாரோ ஆள் அனுப்பி மாதம்மா வந்தாள். கையில் சாணி காயவில்லை. வாசற்படியில் நின்றே கேட்டாள். "ரிஜிஸ்டர்ல புள்ளிதான் இருக்குது. தண்ணின்னு எங்கனா எழுதியிருக்குதா, காட்டுக்கா."

"எழுதணுமா? சாராயம் காச்சுனவன் வூட்டுப் பாலு, தேனாவா இருக்கும்?"

"அவரு காச்சுனதுல தண்ணி இருந்துச்சா இல்லியான்னு, தெனம் வந்து வாங்கிக் குடிச்ச உன் வூட்டுக்காரரைக் கேளு. இப்ப எம் பாலைப் பத்திப் பேசு."

வெளியே யாரோ விசில் அடித்தார்கள். கோவிந்தம்மா முகம் சிறுத்துப்போனது. சென்னப்பன் நடுவில் புகுந்தார். "வாய்ச்சண்டையில என்னா இருக்குது மாதம்மா? ஊரு பாலே கீழ போவுது. கார்டைக் குடுத்துட்டுப் போ. ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

"ரெண்டு மாசம் ஊத்தலன்னா கம்பெனிக் கடனுக்கு யாருங்கண்ணா கட்டுவாங்க? மாட்டை ஓட்டிக்கினு போயி சந்தையில நிறுத்திடுவாங்க. ஒரு மாடு போனா எம் பொண்ணு காலேஜு போச்சு. கார்டு வெறும் அட்டைன்னு நெனைச்சீங்களா?"

சூப்பர்வைசர் கை நீட்டினார். "அம்மா, கார்டு." மாதம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கார்டை எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை. "மொதல்ல அந்தச் சீட்டைப் படிங்க சார். எந்தப் பால்ல தண்ணின்னு எனக்கும் தெரியட்டும்."

தங்கைகளே, தம்பிகளே, நான் அன்றும் இன்றும் வியக்கிற இடம் இது. பிழைப்பு போகிற நேரத்தில் அவள் அழவில்லை, சாபம் விடவில்லை. படிக்கச் சொன்னாள். இரண்டு வருஷமாக அவள் என்னிடம் கேட்டதும் அதுதானே. எத்தனை என்று சொல், அளந்து சொல்.

சூப்பர்வைசர் பரிசோதனைப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சில்லிங் சென்டர் சீட்டை விரித்தார். "ஒண்ணாவது கேன் இருபத்தஞ்சரை. ரெண்டாவது இருபத்தஞ்சரை. மூணு இருபத்தஞ்சு. நாலு இருபத்தஞ்சரை. அஞ்சாவது இருபத்தெட்டு." நிமிர்ந்தார். "அஞ்சாவது மட்டும் அருமையான பாலா இருக்குது. யாரோடதுங்க?"

"நம்முதா இருக்கும்," என்றார் சென்னப்பன், கொஞ்சமும் யோசிக்காமல். "நம்ம பாலுதான் எப்பவும் தனியா நிக்கும்." கோவிந்தம்மா தலையாட்டினாள். முருகேசன்கூட ஆட்டினான். நல்ல பால் என்றால் அவருடையதாகத்தான் இருக்கும் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாதம்மா என்னைப் பார்த்தாள். தனிக் கேன் ஒன்று உண்டு என்று ஊருக்கே தெரியும், ஆனால் அதன் எண் ஐந்து என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் மனசு ஓடிய ஓட்டத்தை மறைக்காமல் எழுதுகிறேன். கேன் மாறிப்போச்சு என்று சொல்லிவிடலாம். வண்டிக் குலுக்கலில் கழன்ற மூடியை மாற்றிப் போட்டிருக்கலாம் என்று சொல்லலாம். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை. அந்த ஒரு வருஷம் ஓடிவிட்டால் போதும். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். கைக்குக் கீழே ரிஜிஸ்டர் இருந்தது.

"அஞ்சாவது," என்றேன். ரிஜிஸ்டரைச் சூப்பர்வைசர் பக்கம் திருப்பினேன். மறுபடி சொன்னேன். "அஞ்சாவது கேன், புள்ளி வெச்ச கேன். அதுல மாதம்மா பாலு மட்டும்தான் சார் இருக்குது."

சூப்பர்வைசர் சீட்டை மடித்தார். அதோடு முடிந்தது, மாதம்மா தப்பித்தாள், நானும் தப்பித்தேன் என்று நினைத்தேன். பாதி உண்மை சொல்லிவிட்டு மூச்சு விட்டேன். ஆனால் ஒருத்தர் மேலிருந்து இறங்கிய பெயர் சும்மா தரையில் கிடக்காது என்பதை அடுத்த நிமிஷமே பார்த்தேன்.

"அப்ப நாலு கேன்லயும் ஊத்துனது யாரு?" என்றாள் கோவிந்தம்மா. "சென்னப்பண்ணா, உங்க வூட்ல கறக்கறதுக்கு புதுசா ஒரு ஆளு வந்திருக்கானே, கன்னடம் பேசிக்கினு. எந்த ஊரோ, என்ன பொழப்போ."

"ஆமாங்க," என்றார் சென்னப்பன். "நானும் நெனைச்சேன். அவன் பார்வையே சரியில்ல."

"இன்னைக்குக் காலையில கேனுங்க பக்கத்துல நின்னுக்கினு இருந்தான். நான் பாத்தேன்," என்று வாசலிலிருந்து ஒரு குரல். அந்த ஆள் அன்று சென்டர் பக்கமே வரவில்லை. எனக்குத் தெரியும், நான்தான் இருந்தேனே. ஒரு பெயர் வைக்க இத்தனை நேரம்தான் ஆகிறது. மாதம்மாவுக்கு வைக்கும்போது நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. பேனாவைப் பிடித்திருந்தவனுக்குத் தெரியவில்லை. இப்போது பார்த்தேன்.

தவிட்டு மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு நாலு கவரையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். "யாரும் தண்ணி ஊத்தலிங்க. நான்தான்." ஐஸ் கதையைச் சொன்னேன். கிழிந்தது தெரிந்தும் மூடி போட்டதைச் சொன்னேன். மாதம்மா பால் தினம் இருபத்தைந்துதானே காட்டுகிறது என்று ஐந்தாவது கேனில் ஐஸ் போடாததையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

வெளியே கூட்டம் பொங்கியது. "டெஸ்டரே தண்ணி ஊத்தறான்டா!" "இத்தன வருசமா எத்தன ஐஸ் கரைச்சானோ!" "ஐஸ்காரன், ஐஸ்காரன்!" கோவிந்தம்மாவின் வாயும் திறந்தது.

மாதம்மா வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். "இன்னைக்கு ஐஸ் போட்டாரு. கவரு கிழிஞ்சுது. மறைச்சாரு. அதைச் சொல்லித் திட்டுங்க, நானும் திட்டறேன். இத்தன வருசமான்னு சேர்க்காதீங்க. அந்த 'இத்தன வருசமா' என்னா பண்ணும்னு எனக்குத் தெரியும்."

இருபத்தாறு வருஷத்தில் நான் கேட்ட தீர்ப்பு அது ஒன்றுதான். என் கையால் கெட்டவள், என்னை அதே குழியில் தள்ளக் கூட்டம் தயாராக நின்றபோது, கையை நீட்டி மறித்தாள். எனக்காக மறித்தாள் என்றுகூட நினைக்கவில்லை. அது சரியில்லை என்பதற்காக மறித்தாள். கூட்டம் அடங்கியது. ஐஸ்காரன் என்று அப்புறம் ஊரில் என்னை யாரும் கூப்பிடவில்லை.

அதுவரைக்கும் போனில் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பரிசோதனைப் பெண். என் மகள் வயசுகூட இருக்காது. "சார், ஒரு சந்தேகம்," என்றது. "இங்க இருபத்தெட்டு காட்டற பாலு உங்க சென்டர்ல எப்படி தினம் இருபத்தஞ்சு காட்டும்? அந்தம்மா வூடு எங்க இருக்குதுங்க?"

"எதிர்லதான் மேடம். ரோட்டைத் தாண்டணும், அவ்ளோதான்," என்றேன்.

"கறந்த உடனே கொண்டாந்து ஊத்தறாங்களா? சூடா, நுரையோட?"

"ஆமாங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். கேலிச் சிரிப்பு அல்ல. "அண்ணா, சூட்டோட நுரையோட இருக்கற பால்ல டிகிரி கொறைவாத்தான் காட்டும். மத்தவங்க தூரத்துலருந்து வர்றதுக்குள்ள பாலு ஆறிடுது, நுரை அடங்கிடுது. இவங்களுது ஆறலை. ஒரு அரை மணி நேரம் வெச்சிருந்து பாத்திருந்தா நின்னிருக்கும்."

எனக்கு வேலை பழக்கியவர் இதைச் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அதைச் சாக்காகச் சொல்லமாட்டேன். ஒரே ஒரு நாள் ஒரே ஒரு கேள்வியை அவளிடமோ யாரிடமோ நான் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். அந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் கேட்ட கேள்வி. நான் எண்ணைப் பார்த்தேன். அது எங்கிருந்து நடந்து வந்தது என்று பார்க்கவில்லை.

மாதம்மா கார்டை மறுபடி முடிச்சில் வைத்துக் கட்டினாள். "அப்ப எம் மாடு பக்கத்துல இருந்ததுதான் தப்புங்களா?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

நாலு கேன் பாலுக்கான காசை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அது சரிதான். மறுநாள் காலையில் வரிசை முடியும் வரை மாதம்மாவின் சாம்பிளை எல்லாருடைய கண்முன்னால் ஜன்னலில் வைத்தேன். வந்தவுடன் பார்த்தபோது இருபத்தைந்தரை. கடைசி ஆள் ஊற்றி முடித்ததும் பார்த்தபோது இருபத்தெட்டு. கோவிந்தம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து குனிந்து பார்த்தாள். "எங் கண்ணுக்கு இருபத்தேழேமுக்கால்தான் தெரியுது," என்றாள். மாதம்மாவே சிரித்துவிட்டாள். கேன் மூடியின் புள்ளியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். ரிஜிஸ்டரில் இருந்த புள்ளிகளைத் துடைக்கவில்லை. அடித்தால் திருத்தியதாகிவிடும். நான் செய்தது அப்படியே இருக்கட்டும்.

அந்த ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே கணக்குப் போட்டேன். புள்ளி வைத்த நாள் முதல் மாதம்மா ஊற்றியது ஒன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது லிட்டர். லிட்டருக்கு இரண்டு ரூபாய். பதினெட்டாயிரத்து அறுநூற்று எண்பது. அந்தப் பணம் சென்டரின் கழிவுக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. சிந்திய பாலுக்கு என் சம்பளத்தில் பிடிக்காமல் அந்தக் கணக்கில்தான் ஈடு கட்டினார்கள். நான் ஒரு ரூபாய்கூடப் பாக்கெட்டில் போட்டதில்லை. ஆனால் அவள் காசில்தான் என் சம்பளம் குறையாமல் இருந்தது.

கம்பெனி பழைய கணக்கைத் திறக்க முடியாது என்றது. வீட்டில் இருந்த இரண்டாயிரத்தைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு வருஷம் கழித்து அந்த இருபது அடியைத் தாண்டினேன். செல்வி முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது தர்மபுரியில் காலேஜ் முதல் வருஷம், சமூகவியல்.

"இதுக்குன்னு எங்களுக்கு ஒரு பாடமே இருக்குதுங்க மாமா," என்றாள். "முத்திரை குத்தறதுன்னு. ஒருத்தர் பண்ணது தப்பா இல்லியாங்கறது ரெண்டாவது. மொதல்ல மத்தவங்க ஒரு பேரு வெக்கறாங்க. வெச்சுட்டா, போவப் போவ அவங்களும் அந்தப் பேருக்கு ஏத்த மாதிரியே மாறிடலாமாம். அதான் எனக்கு இடிக்குது. எங்கம்மா மாறலியே."

மாதம்மா கொட்டகையிலிருந்து வந்தாள். "யாரு சொன்னா மாறலன்னு? தெனம் காலையில குண்டானைத் தூக்கறப்ப நெனைப்பேன். ஊத்துனாலும் அதே வெலை, ஊத்தலன்னாலும் அதே வெலை. பேரும் வந்தாச்சு. பின்ன எதுக்குடி ஊத்தாம இருக்கறன்னு எனக்கு நானே கேப்பேன். தொட்டித் தண்ணி பக்கத்துலயே இருக்குது."

"அப்புறம் ஏம்மா ஊத்தல?" என்றாள் செல்வி.

"ஊத்திட்டா அவங்க சொன்னது நெசமாயிடுமே. அவங்களை நெசம் பேசறவங்களா ஆக்க எனக்கு இஷ்டமில்ல." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். செல்வி முறத்தை வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள். நானும் பார்த்தேன்.

கவரை நீட்டினேன். வாங்கவில்லை. "வூட்டுல வந்து தனியா குடுத்தா ஊருக்கு என்னா தெரியும்ண்ணா? கூட்டத்துல கொறைச்சீங்க. கூட்டத்துலயே குடுங்க. பட்டுவாடா அன்னைக்கு வரிசையில வந்து, சத்தமா எண்ணிக் குடுங்க. முடிஞ்சது எவ்வளவோ அவ்வளவு. மொத்தமா வேணாம். கொறைச்சது கொஞ்சம் கொஞ்சமாத்தானே."

எங்கள் சென்டரில் பத்து நாளைக்கு ஒரு தடவை பால் பணம் பட்டுவாடா. அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் இருநூறு ரூபாய். வேலையில் இருந்த வரைக்கும் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கம் போய், வரிசையில் கடைசி ஆளாக நின்று கொடுக்கிறேன். ஒவ்வொரு நோட்டையும் சத்தமாக எண்ணுகிறேன். "இது போக எவ்வளவு பாக்கிங்க அண்ணா?" என்று அவள் கேட்பாள். ஒருத்தர் விடாமல் கேட்க நான் சொல்வேன். புதிதாக ஊற்ற வருகிறவர்கள் எதற்கு இந்தப் பணம் என்று விசாரிப்பார்கள். கோவிந்தம்மாவே முந்திக்கொண்டு கதை முழுதும் சொல்வாள், தான் பேசியதை மட்டும் விட்டுவிட்டு.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்கள் மெஷின் ஒரு எண்ணைக் காட்டினால் அந்த நேரத்துப் பாலுக்கு நேராக எழுதுங்கள், ஊற்றிய ஆளுக்கு நேராக எழுதாதீர்கள். குறைந்தால் அந்த ஆளையே கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். சண்டை வரும், வரட்டும். வீட்டுக்கு வந்து பார் என்றால் போய்ப் பாருங்கள். பயந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். எனக்கு உங்கள் மேல்தான் கவலை அதிகம். தைரியசாலி கத்திவிட்டு மறந்துவிடுவான். நாம் சத்தமில்லாமல் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்துவிடுவோம்.

போன பட்டுவாடாவோடு ஐம்பத்திரண்டு தடவை கொடுத்தாயிற்று. பத்தாயிரத்து நானூறு. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மாதம்மாவுக்கு நான் இன்னும் தர வேண்டியது எட்டாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.